கடன் வாங்கிய நிழல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கடலைப் பற்றிய சொற்பொழிவு என்றால் மீன்வளம், கடல்மட்ட உயர்வு, ஞெகிழிக் குப்பை என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வது வழக்கம். நான் வெயிலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் கண்ணுக்குத் தெரியாத வெயிலை. புற ஊதாக் கதிர் கடல் விலங்குகளை என்ன செய்கிறது, அவை அதை எப்படிச் சமாளிக்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

மீனுக்கு வெயில் சுடுமா என்று கேட்டால் சிரிப்பார்கள். தலைக்கு மேல் அத்தனை தண்ணீர் இருக்கும்போது வெயில் என்ன செய்துவிடும்? ஆனால் தண்ணீர் நாம் நினைக்கிற அளவுக்குக் குடை பிடிப்பதில்லை. சூட்டைத் தரும் அகச்சிவப்புக் கதிர் மேல்மட்டத்திலேயே அடங்கிவிடுகிறது. சிவப்பு ஒளி சில மீட்டர்களில் மங்கிவிடுகிறது. புற ஊதாக் கதிரோ, தண்ணீர் தெளிவாக இருந்தால் தாராளமாக இறங்கிப் போகிறது. நடுக்கடலின் தெளிந்த நீரில், மேற்பரப்பில் விழும் புற ஊதா-பி கதிரில் பத்தில் ஒரு பங்கு 10 மீட்டருக்கும் கீழே போய்ச் சேர்வதுண்டு. ஆற்று முகத்துவாரத்துக் கலங்கல் நீரில் அதே கதிர் ஓரிரு மீட்டரைத் தாண்டாது. வண்டல் மட்டும் காரணமில்லை. இலைதழை மக்கிக் கரைந்து வரும் பழுப்பு நிறக் கரிமப் பொருள் அந்தக் கதிரை விழுங்கிவிடுகிறது. ஆக, அழகான தெளிந்த கடல் என்று நாம் மெச்சும் கடல்தான் உள்ளே குடியிருப்பவற்றுக்கு வெயில் மிகுந்த கடல்.

புற ஊதாவில் மூன்று பிரிவுகள் உண்டு என்பது மாணவர்களுக்குத் தெரியும். 315 முதல் 400 நானோமீட்டர் வரை ஏ. 280 முதல் 315 வரை பி. அதற்கும் கீழே சி. சி பிரிவு காற்று மண்டலத்தைத் தாண்டுவதில்லை. பி பிரிவில் பெரும்பங்கை ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. கசிந்து வரும் மிச்சம்தான் நமக்கும் மீனுக்கும் தொல்லை. ஏ பிரிவு நிறையவே வருகிறது. அதன் தாக்குதல் பெரும்பாலும் மறைமுகமானது: உயிரணுவுக்குள் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கிளப்பிவிட்டு, அவற்றைக் கொண்டு கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கிறது.

பி பிரிவின் வேலை நேரடியானது. டி.என்.ஏ. இழையில் தைமின் என்ற உறுப்பு இரண்டு அடுத்தடுத்து அமைந்திருக்கும் இடத்தைப் பிடித்து, அவ்விரண்டையும் ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுகிறது. பையின் ஜிப்பில் பக்கத்துப் பக்கத்துப் பற்கள் இரண்டு உருகி ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? இழுப்பான் அந்த இடத்தில் வந்து சிக்கி நின்றுவிடும். உயிரணு தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வரும்போதும் அதுதான் நடக்கிறது. ஒன்று வேலை நிற்கும். அல்லது தப்பும் தவறுமாகப் படி விழும்.

இதில் யாருக்கு அடி விழுகிறது? வளர்ந்த மீனுக்குச் செதில் இருக்கிறது, கோழை இருக்கிறது, நிறமி இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் ஆழத்துக்கு இறங்கிப் போகும் வலுவும் இருக்கிறது. முட்டைக்கும் குஞ்சுக்கும் இவற்றில் எதுவும் இல்லை. பல மீன்களின் முட்டைகள் மேல்நீரில் மிதப்பவை. முட்டையும் குஞ்சும் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். தின்ன வருகிறவன் கண்ணில் படாமல் இருக்க இயற்கை கண்ட வழி அது. அதே வழியாகக் கதிரும் தடையின்றி உள்ளே போகிறது. உடம்பு முழுவதும் சில உயிரணு அடுக்குகளே கொண்ட குஞ்சுக்கு, உள்ளுறுப்பு என்று ஒளித்துவைக்க இடமே இல்லை. 1970களின் கடைசியில் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் ஜான் ஹன்டரும் உடன் பணியாற்றியவர்களும் நெத்திலி வகை ஒன்றின் முட்டை, குஞ்சுகளையும் கானாங்கெளுத்தி வகை ஒன்றின் முட்டை, குஞ்சுகளையும் புற ஊதா-பி கதிரில் வைத்துப் பார்த்தார்கள். கண்ணிலும் மூளையிலும் புண் கண்டது, வளர்ச்சி குன்றியது.

அப்போது இதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. 1985-ல் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் அண்டார்க்டிகாவின் ஹாலி பே நிலையத்து அளவீடுகளை வைத்து ஓசோன் தேய்வை அறிவித்த பிறகுதான் கடலின் பக்கம் பார்வை திரும்பியது. 1990-ல் ரே ஸ்மித், பார்பரா பிரெஸலின் உள்ளிட்ட குழு கப்பலில் பெல்லிங்ஸ்ஹௌசன் கடலுக்குப் போய், ஓசோன் துளைக்கு உள்ளேயும் வெளியேயும் தாவர மிதவை உயிரிகளின் உற்பத்தியை அளந்தது. துளைக்குக் கீழே 6 முதல் 12 விழுக்காடு குறைவு என்று 1992-ல் முடிவு வெளியானது. அந்த எண் கால்முளைத்து ஓடியது. தென்கடல் முழுவதும் ஆண்டு முழுவதும் எட்டில் ஒரு பங்கு உணவு போய்விட்டது என்கிற மாதிரியெல்லாம் எழுதினார்கள். அது பனி விளிம்புப் பகுதியில், அந்தப் பயணக் காலத்தில் கிடைத்த அளவு. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இழப்பு அதைவிட வெகு குறைவு என்று அதே ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். அபாயத்தைச் சொல்லும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் வரம்பை விட்டுவிடும் பழக்கம் நம் பத்திரிகைகளுக்கு மட்டும் உரியதல்ல.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1997-ல் வந்த இன்னொரு ஆய்வு. அண்டார்க்டிகாவின் பனிமீன்களின் முட்டைகளில், ஆய்வகத்து விளக்கு எதுவும் காட்டாமல், கடலிலிருந்து எடுத்தபடியே பார்த்தபோது, அந்த ஒட்டிய தைமின் இணைகள் இருந்தன. துளை பெரிதாக இருந்த நாட்களில் சேதமும் கூடியிருந்தது. பனிமீனின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் கிடையாது, ரத்தம் நிறமற்றது. குளிருக்கும் இருட்டுக்கும் தன்னை ஒப்புக்கொடுத்த மீன் அது.

இங்கே ஒரு கேள்வி வரவேண்டும். வெப்பமண்டலத்தில் ஓசோன் இயல்பாகவே மெல்லியது. துருவத்தை ஒட்டிய பகுதிகளில் 300 டாப்சன் அலகுக்கு மேல் இருக்கும்போது நமக்கு 260-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. சூரியனும் நமக்கு உச்சியில் நிற்கிறது. பெரும்பாலான நாட்களில், துளைக்குக் கீழே அண்டார்க்டிகாவில் விழுவதைவிட ராமேசுவரத்து நண்பகலில் விழும் புற ஊதா-பி அதிகம். அப்படியானால் மன்னார் வளைகுடாவில் ஒரு முட்டை பிழைக்கக் கூடாதே? பிழைக்கிறது. கதிரின் தீங்கு அதன் அளவில் மட்டும் இல்லை. அந்த விலங்கு எந்த அளவுக்குப் பழகியிருக்கிறது, அந்த அளவு எத்தனை வேகமாக மாறுகிறது என்பதில் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது சுருக்கமாக இதுதான். மிச்ச நேரம் அந்தப் பழக்கம் எதனால் ஆனது என்று பார்ப்போம்.

எளிய வழி ஒளிந்துகொள்வது. விலங்கு மிதவை உயிரிகள் பகலில் ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலே வருகின்றன. அது முதன்மையாகத் தின்னிகளுக்குப் பயந்து என்றாலும், தெளிந்த நீரில் கதிருக்கும் அதில் பங்குண்டு. நகர முடியாதவை வேறு வழி பார்க்கின்றன. கலிபோர்னியக் கரையில் வற்றத்தின்போது பாறையில் வெளிப்படும் ஒரு கடல் சாமந்தி இருக்கிறது. நீர் வடிந்ததும் கைகளை உள்ளிழுத்துச் சுருங்கிக்கொள்ளும். அதன் உடம்பெங்கும் ஒட்டும் முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் கிளிஞ்சல் துண்டு, பரல், மணல். அந்தக் கோலத்தில் அது பாறையா விலங்கா என்று தெரியாது. மேலே மிதித்துவிட்டு, காலடியில் நீர் பீச்சியடித்த பிறகே மிதித்தது உயிர் என்று புரியும். கடல் முள்ளெலிகளில் சில இனங்களும் சிப்பி ஓட்டையும் பாசித் துண்டையும் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு திரிகின்றன.

இவற்றைவிட நுட்பமானது வேதியியல் நிழல். 1969-ல் கஸுவோ ஷிபாட்டா என்ற ஜப்பானியர், ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டிலிருந்து எடுத்த பவளங்களிலும் நீலப்பச்சைப் பாசியிலும் 320 நானோமீட்டரை ஒட்டிய கதிரை விழுங்கும் ஒரு பொருள் ஏராளமாக இருப்பதைக் கண்டார். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. எஸ்-320 என்று பெயரிட்டுவிட்டார். 1980களில் வால்டர் டன்லப், புரூஸ் சாக்கர் இருவரும் அதைப் பிரித்துக் காட்டினார்கள். மைக்கோஸ்போரின் வகை அமினோ அமிலங்கள் என்று இன்று சொல்கிறோம். 310 முதல் 360 நானோமீட்டர் வரையுள்ள கதிரைப் பிடித்து, வெறும் வெப்பமாக வெளியே விட்டுவிடும் சின்ன மூலக்கூறுகள். நிறம் இல்லை, ஆகவே கண்ணாடி உடம்பு கண்ணாடியாகவே இருக்கும், உள்ளே நிழலும் இருக்கும்.

பாசியும் நுண்ணுயிரும் பூஞ்சையும் இதைச் செய்யத் தெரிந்தவை. பெரும்பாலான விலங்குகளுக்கு இதைச் செய்யத் தெரியாது. தின்றுதான் சேர்க்க வேண்டும். இதை அழகாகக் காட்டியது அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நிக்கி ஆடம்ஸும் மால்கம் ஷிக்கும் 1990களில் செய்த சோதனை. பச்சைக் கடல் முள்ளெலிகளைப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு இந்தச் சேர்மம் மிகுந்த சிவப்புப் பாசியையும், இன்னொரு கூட்டத்துக்கு அது இல்லாத பழுப்புக் கெல்ப்பையும் போட்டு வளர்த்தார்கள். சிவப்புப் பாசி தின்ற தாயின் சினைப்பையில் சேர்மம் ஏறியது. அங்கிருந்து முட்டைக்குள் போனது. ஆணின் விந்துச் சுரப்பியில் ஏறவில்லை. பிறகு அந்த முட்டைகளைக் கருவுறச் செய்து கதிரில் காட்டினார்கள். கதிர் பட்ட முட்டை முதல் முறை இரண்டாகப் பிளவதற்கே தாமதிக்கும். சேர்மம் கூடுதலாக இருந்த முட்டைகளில் அந்தத் தாமதம் குறைந்தது. தாய் எந்தப் பாசியை மேய்ந்தாள் என்பது குஞ்சின் முதல் சில மணி நேரத்தைத் தீர்மானிக்கிறது.

நம் மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூச்சடக்கி முங்கிப் பறிக்கும் கஞ்சிப்பாசி, சிவப்புப் பாசிகளில் கிராசிலேரியா பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பேரினத்திலும் இந்தச் சேர்மங்கள் உண்டு. நாம் அதை அகர் என்று எடை போட்டு வாங்குகிறோம். அங்கே மேயும் உயிர்களுக்கு அது சாப்பாடும் நிழலும்.

மீன்களும் இப்படித்தான். ஹவாய்த் தீவுகளில் ஜில் ஸாம்ஸோ பவளமீன்களின் உடம்பை மூடியிருக்கும் கோழையை வழித்தெடுத்துப் பார்த்தார். அதில் கதிரை விழுங்கும் தன்மை இருந்தது. நாம் கழுவியும் உரசியும் போக்கப் பாடுபடும் அந்த வழுவழுப்பில்தான் அதன் வெயில் காப்பு இருக்கிறது. அங்குள்ள ஒரு கிளிமீன் உறவை வைத்துச் சோதித்ததில் தெரிந்தது: உணவில் சேர்மம் வேண்டும், மேலே கதிரும் பட வேண்டும், இரண்டும் இருந்தால்தான் கோழையில் காப்பு ஏறும். உணவில் இல்லை என்றால் இருந்ததும் இறங்கிவிடும்.

முழுக்கவே கடன் என்றும் சொல்லிவிட முடியாது. காட் மீனின் சினையில் கிடைத்ததால் காடுசால் என்று பெயர் பெற்ற பொருள் ஒன்று உண்டு. அதுவும் மேய்ந்து சேர்த்ததுதான் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2015-ல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டைஃபோ மஹ்முத் குழுவினர், வரிக்குதிரை மீன் அதைத் தானே தயாரிப்பதைக் கண்டார்கள். தாய் அதை முட்டைக்குள் வைத்து அனுப்புகிறாள். அதைத் தயாரிக்கும் மரபணுக்களை நீக்கிப் பார்த்தபோது கருவுக்குக் கதிர்ச் சேதம் கூடியது. இருளான ஆழ்கடலுக்குப் போய்விட்ட மீன் வம்சங்கள் சிலவற்றில் இந்த மரபணு தேய்ந்து போயிருக்கிறது. வெயில் இல்லாத ஊரில் குடை எதற்கு? பாலூட்டிகளிலும் அது இல்லை.

பாலூட்டிகள் தொலைத்தது அது ஒன்று மட்டுமல்ல. 1949-ல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஆல்பர்ட் கெல்னர், கதிரால் அடிபட்ட நுண்ணுயிர்கள் சில நேரம் பிழைத்துக்கொள்வதற்கும் சில நேரம் செத்துப் போவதற்கும் காரணம் தேடிக்கொண்டிருந்தார். வெப்பநிலையைச் சந்தேகித்தார். கடைசியில் காரணம் வெளிச்சம் என்று தெரிந்தது. ஃபோட்டோலையேஸ் என்ற நொதி, நீல ஒளியின் ஆற்றலை வாங்கி, ஒட்டிய தைமின்களை நேரே பிரித்துவிடுகிறது. காயப்படுத்தும் வெயிலிலேயே மருந்தும் இருக்கிறது. அந்த நொதியின் வேலைமுறையை விளக்கிய அஸீஸ் சாஞ்சாருக்கு டி.என்.ஏ. சீரமைப்பு ஆய்வுகளுக்காக 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. பாக்டீரியாவில் இருக்கிறது, பாசியில் இருக்கிறது, பவளத்தில் இருக்கிறது, மீனில் இருக்கிறது, கங்காருவில்கூட இருக்கிறது. நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளில் இல்லை. நம் முன்னோர்கள் டைனோசர்களுக்குப் பயந்து இரவில் மட்டும் நடமாடிய காலத்தில் கைவிட்டுப் போயிருக்கலாம் என்பது ஒரு கருத்து.

திமிங்கிலத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துப் பாலூட்டி ஒன்று கடலுக்குத் திரும்பியது. மயிரை விட்டுவிட்டு வந்தது. ஃபோட்டோலையேஸை அதன் பாட்டன்மார் முன்பே தொலைத்துவிட்டார்கள். மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். வரும்போது வெறும் தோலை வெயிலுக்குக் காட்டியே ஆக வேண்டும்.

லாரா மார்டினெஸ்-லெவஸர், கரினா அசெவெடோ-வைட்ஹவுஸ் குழுவினர் மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மூன்று இனத் திமிங்கிலங்களைப் பார்த்தார்கள். நுனியில் சிறு குழாய் பொருத்திய அம்பை எய்து சிட்டிகைத் தோல் எடுப்பார்கள். முதுகை உயர்தரப் படம் பிடிப்பார்கள். படங்களில் நமக்கு வெயில் சுட்டதும் வருகிற மாதிரிக் கொப்புளங்கள் தெரிந்தன. உயிரணுக்களிலும் வெயில் சுட்ட தடயம் இருந்தது. 2010-லும் 2013-லும் முடிவுகள் வெளியாயின. வெளிறிய தோலுடைய நீலத் திமிங்கிலத்துக்கு அடி அதிகம். வளைகுடாவிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் துடுப்புத் திமிங்கிலம் மூன்றிலும் கருத்தது. அதற்குப் புண் மிகக் குறைவு. நீலத் திமிங்கிலம் வலசை வருவது; பிப்ரவரியில் வெளிறி இருந்த தோல் வெயில் ஏற ஏறக் கறுத்தது, டி.என்.ஏ. சேதமும் அதற்கேற்பக் குறைந்தது. அம்பர் தரும் ஸ்பெர்ம் திமிங்கிலம் வேறு ரகம். ஆழத்தில் முங்கி வந்தபின் மேற்பரப்பில் மணிக்கணக்கில் கும்பலாக மிதந்து கிடக்கும் பழக்கம் அதற்கு. அது நிறமியை அதிகம் நம்பவில்லை. சேதத்தைச் சமாளிக்கும் உயிரணுப் புரதங்களை முடுக்கிவிடுகிறது. ஒரே கடல், ஒரே வெயில், மூன்று வேறு ஏற்பாடுகள்.

கறுப்பது சுறாவுக்கும் உண்டு. ஹவாயில் கலங்கல் நீரிலிருந்து பிடித்த கொம்பன் சுறாக் குட்டிகளை ஆழமில்லாத தெளிந்த குட்டையில் விட்டபோது அவை கறுத்தன. மார்புத் துடுப்பில் கதிர் மறைக்கும் வடிகட்டியைப் பொருத்திப் பார்த்தார் கிறிஸ் லோ. மூடிய இடம் மட்டும் வெளிறியே இருந்தது. 1996-ல் இது வெளியானது.

இனி பவளத்துக்கு வருகிறேன். பழக்கம் குலையும்போது என்ன ஆகும் என்பதை அங்கேதான் தெளிவாகப் பார்க்கலாம். டேனியல் கிளீசன், ஜெரார்ட் வெலிங்டன் இருவரும் பஹாமாஸ் கடலில் 24 மீட்டர் ஆழத்தில் இருந்த பவளத்தை 12 மீட்டருக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு பகுதிக்கு மேல் கதிரை மறிக்கும் தகடு. இன்னொரு பகுதிக்குக் கதிரை விடும் தகடு. நீரின் சூடு ஏறவில்லை. ஆனாலும் கதிர் பட்டவை வெளிறின. 12 மீட்டரில் காலங்காலமாக அதே இனப் பவளம் நன்றாகத்தான் வாழ்கிறது. அதன் உடம்பில் அந்த ஆழத்துக்கான நிழல் இருக்கிறது. 24 மீட்டர்காரனை ஒரே நாளில் மேலே கொண்டுவந்தால் அவனிடம் 24 மீட்டருக்கான நிழல்தான் இருக்கும்.

இயற்கையில் யாரும் பவளத்தைத் தூக்கி வைப்பதில்லை. ஆனால் தண்ணீர் அதே வேலையைச் செய்துவிடும். காற்று விழுந்து கடல் எண்ணெய் போல அசையாமல் கிடக்கும் கோடை நாட்களில் கலங்கல் அடங்கி நீர் தெளியும். கதிர் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். அதே நாட்களில் நீரும் சூடாகும். இரண்டும் சேர்ந்து அடிக்கும். பவளத்துக்குள் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசி வெளியேறிவிடும். பவளத்தின் நிழலில் பெரும்பங்கு அந்தப் பாசியின் தயவில் வந்தது. அக்ரோபோரா பவளத்தின் மரபணுத் தொகுதியை 2011-ல் ஒகினாவாவில் படித்தபோது, இந்தச் சேர்மத்தைத் தானே செய்வதற்கான மரபணுக்கள் அதில் இருந்தது தெரியவந்தது என்பதையும் சொல்லவேண்டும். எப்படியானாலும் சோறு போட்டவன் போனபின் எதையும் செய்ய வலு இருக்காது. தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரையுள்ள தீவுகளைச் சுற்றி 1998, 2010, 2016 ஆண்டுகளில் கண்ட வெளிறலுக்கு முதல் காரணம் சூடுதான். ஆழமில்லாத அந்தப் பார்களில், சூட்டால் தளர்ந்த பவளத்தின் மீது விழும் கதிரை ஒதுக்கிவிட்டு அந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம்.

நாம் பூசும் வெயில் காப்புக் களிம்பிலும் இதேபோல ஒரு திருப்பம் இருக்கிறது. ஆக்ஸிபென்சோன் பவளத்துக்குக் கேடு என்று ஹவாயும் பலாவு நாடும் தடை கொண்டுவந்தன. எப்படிக் கேடு என்பது 2022-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சொல்லும்வரை விளங்கவில்லை. பவளத்தின் உறவான கடல் சாமந்தி அந்தப் பொருளை வெளியேற்றுவதற்காக அதோடு சர்க்கரையை ஒட்டுகிறது. ஒட்டியதும் அது கதிரைப் பிடித்து வெப்பமாக விடும் குணத்தை இழந்து, வெயிலில் நஞ்சாகிவிடுகிறது. உள்ளிருக்கும் பாசி அந்த நஞ்சைத் தனக்குள் வாங்கிக்கொண்டு ஓரளவு காப்பாற்றுகிறது. வெளிறிய பவளத்துக்கு அந்தக் காவலும் இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப வெளிறல் கண்ட மன்னார் வளைகுடாவில் களிம்பு பூசிக் குளிக்கிறவர்கள் எத்தனை பேர்? களிம்பைப் பற்றி நம் ஊரில் அளவுக்கு மீறிப் பேசுவது எளிதான வேலை என்றே படுகிறது.

ஓசோன் பக்கம் செய்தி நல்லதுதான். 1987-ன் மான்ட்ரியல் உடன்படிக்கை வேலை செய்திருக்கிறது. அண்டார்க்டிகாவுக்கு மேல் 2066-ஐ ஒட்டி 1980-ன் நிலை திரும்பும் என்பது மதிப்பீடு. நம் கரையில் கவலைப்பட வேண்டியது வேறொன்று. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததும், வாளிகளில் அதை அள்ளியதும் உங்களுக்கு நினைவிருக்கும். கச்சா எண்ணெயிலும் கப்பல் எரிபொருளிலும் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. கண்ணாடி உடம்புள்ள மீன்குஞ்சு அவற்றை உறிஞ்சிக்கொண்டு மேல்நீருக்கு வந்தால், உடம்புக்குள் புகும் கதிர் அந்த மூலக்கூறுகளைக் கிளறிவிட்டு, எண்ணெய் மட்டும் செய்வதைப்போலப் பல மடங்கு சேதத்தைச் செய்கிறது. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபின் நடந்த ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. வழக்கமான நச்சுச் சோதனைகளோ அறைக்குள், குழல் விளக்கின் கீழ் நடப்பவை. அந்த விளக்கில் புற ஊதா ஏறக்குறைய இல்லை. அங்கே கிடைக்கும் பாதுகாப்பான அளவு என்கிற எண், வெயிலே படாத கடலுக்கான எண்.

இங்கே ஆய்வு மாணவர்கள் இருக்கிறீர்கள். மொட்டை மாடியும் மே மாத வெயிலும் நமக்குச் செலவில்லாமல் கிடைப்பவை. தொட்டிகளின் மேல் கதிர் விடும் தகடு ஒன்று, மறிக்கும் தகடு ஒன்று போட்டு, நம் கடலின் நெத்திலி முட்டையையும் இறால் குஞ்சையும் வைத்து அந்த எண்ணை மறுபடி எடுக்கலாம்.